அளவும் அமைவிடமும்: காங்கேசன்துறையில் நின்று ஒரு பார்வை

காங்கேசன்துறை இறங்குதுறையில் நின்று வடக்கே நோக்கினால் கடலைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆனால் அந்தக் கடலுக்கு அப்பால், ஐம்பது அறுபது கிலோமீற்றர் தொலைவில், தமிழ்நாட்டின் கோடியக்கரை இருக்கிறது. அதே இடத்திலிருந்து கொழும்புக்குத் தரைவழியே செல்ல ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் பயணிக்க வேண்டும். வரைபடத்தை மட்டும் பார்க்கும் ஒருவர், யாழ்ப்பாணத்தார் தமிழ்நாட்டுக்குப் போய்வருவது கொழும்புக்குப் போய்வருவதைவிட எளிது என்றே எண்ணுவார். நடந்தது வேறு. தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையிலான பயணிகள் கப்பல் 1984 இல் நின்றுபோன பின், 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்படும்வரை, முறைப்படி சென்னைக்குச் செல்ல விரும்பிய யாழ்ப்பாணத்தவர் முதலில் தெற்கே கட்டுநாயக்கவுக்குப் போய், அங்கே விமானம் ஏறி, தாம் புறப்பட்ட ஊரின் பக்கமாகவே மீண்டும் வடக்கே பறக்க வேண்டியிருந்தது.

ஒரு நாட்டின் அளவும் அமைவிடமும் அதன் வெளியுறவை எப்படி வடிவமைக்கின்றன என்ற கேள்விக்கு இந்தச் சுற்றுப்பயணமே நல்ல தொடக்கம். புவியியல் இங்கே இரு கரைகளையும் அருகருகே வைத்திருக்கிறது. சட்டமும் போரும் அரசுகளின் முடிவுகளும் அவற்றைத் தூரமாக்கின. இடம் மாறாதது, ஆனால் அந்த இடத்தின் பெறுமதி மாறிக்கொண்டே இருப்பது. இக்கட்டுரை முழுவதும் இந்த வேறுபாட்டைச் சுற்றியே செல்லும்.

முதலில் 'அளவு' என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாட்டின் அளவு என்றதும் பரப்பளவே நினைவுக்கு வருகிறது. இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். இந்தியாவின் பரப்பு ஏறத்தாழ 33 இலட்சம் சதுர கிலோமீற்றர், அதாவது நம்மைப்போல் ஐம்பது மடங்கு. ஆனால் மொங்கோலியாவை எடுத்துக்கொண்டால், அது பரப்பில் இலங்கையைவிட இருபது மடங்குக்கும் மேல் பெரியது. அங்கு வாழ்பவர்களோ ஏறத்தாழ 35 இலட்சம் பேர்தான். நெதர்லாந்து பரப்பில் இலங்கையைவிடச் சிறியது. அதன் பொருளாதாரம் இலங்கையினுடையதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பெரியது. ஆகவே பரப்பு, சனத்தொகை, பொருளாதாரம் என மூன்று அளவுகள் உள்ளன. பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது முதலிரண்டும் முன்னிற்கும்; வணிகத்தைப் பற்றிப் பேசும்போது மூன்றாவதே பெரும்பாலும் தீர்மானிக்கும். பலரும் இவற்றை ஒன்றாகக் கலந்து பேசுவதாலேயே 'சிறிய நாடு' என்ற சொல் தெளிவில்லாமல் போகிறது.

சிறிய பொருளாதாரம் கொண்ட நாடு ஏன் பிறரை அதிகம் நாட வேண்டியிருக்கிறது என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று. அரைப் பரப்பு (பரப்பு என்பது யாழ்ப்பாணத்தில் வழங்கும் ஒரு சிறு நில அளவு) காணியில் வீடு கட்டியிருப்பவர் தமக்குத் தேவையான நெல்லையும் தேங்காயையும் அங்கேயே விளைவித்துக்கொள்ள முடியாது. பெருங்காணிக்காரரால் ஓரளவு முடியும். சிங்கப்பூரின் பரப்பு யாழ்ப்பாணக் குடாநாட்டின் பரப்போடு ஒப்பிடத்தக்கது. அந்நாட்டின் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் கூட்டினால் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப்போல் மூன்று மடங்கு வரும். ஐக்கிய அமெரிக்காவில் அதே கூட்டுத்தொகை உற்பத்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே. பெரிய நாட்டுக்குள்ளேயே பெரிய சந்தை இருக்கிறது. சிறிய நாட்டின் சந்தை அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. இலங்கையில் கோதுமை விளைவதில்லை; எரிபொருள் கிணறும் இல்லை. 2022 இல் அந்நியச் செலாவணி தீர்ந்தபோது பாண் விலையும் பெற்றோல் வரிசையும் எங்கே போய் நின்றன என்பதை நாம் எல்லோரும் கண்டோம். அந்த நேரத்தில் ஏறத்தாழ 400 கோடி டொலர் பெறுமதியான கடனும் உதவியும் முதலில் வந்தது அயல்நாடான இந்தியாவிலிருந்து. சர்வதேச நாணய நிதியத்தின் ஒப்புதல் 2023 மார்ச்சில்தான் கிடைத்தது. அருகில் பெரிய நாடு ஒன்று இருப்பதன் நன்மை அது. அதன் மறுபக்கத்தைப் பின்னர் பார்ப்போம்.

அளவையும் தூரத்தையும் ஒன்றாக இணைத்து அளக்கும் முறை ஒன்று பொருளியலில் உண்டு. நெதர்லாந்துப் பொருளியலாளர் யான் டின்பேர்கன் 1962 இல் அதனை வணிகத்துக்குப் பயன்படுத்திக் காட்டினார். நியூட்டனின் ஈர்ப்பு விதியைப் போன்ற வடிவம் கொண்டிருப்பதால் அதற்கு ஈர்ப்பு மாதிரி என்று பெயர். இரு நாடுகளின் பொருளாதாரங்கள் எவ்வளவு பெரியனவோ அவ்வளவு அதிகமாக அவற்றுக்கிடையே வணிகம் நடக்கும்; இடையிலுள்ள தூரம் கூடக்கூட வணிகம் குறையும். பொதுவாகத் தூரம் இரண்டு மடங்கானால் வணிகம் ஏறத்தாழ பாதியாகும் என்பதே இதுவரையான ஆய்வுகள் காட்டும் போக்கு. கப்பற் கூலி மட்டும் இதற்குக் காரணமன்று. அருகிலுள்ளவர்களின் மொழி தெரியும், சுவை தெரியும், ஏமாற்றினால் போய்க் கேட்கவும் முடியும்.

இலங்கையின் இறக்குமதி இந்த மாதிரிக்கு நன்றாகவே பொருந்துகிறது: இந்தியாவும் சீனாவும் முதல் இரண்டு இடங்களில் இருக்கின்றன. ஏற்றுமதியோ பொருந்தவில்லை. நமது பொருட்களை அதிகம் வாங்கும் தனிநாடு, உலகின் மறுபக்கத்திலுள்ள ஐக்கிய அமெரிக்கா. நம் ஏற்றுமதியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அங்கே போகிறது, அதில் பெரும்பகுதி தைத்த ஆடைகள். 1977 இன் பின் பொருளாதாரம் திறக்கப்பட்ட காலத்தில், எந்த நாடு எவ்வளவு ஆடை அனுப்பலாம் என்று மேற்கு நாடுகள் ஒதுக்கீடு விதித்திருந்தன. தமக்குரிய ஒதுக்கீட்டை நிரப்பிவிட்ட கிழக்காசிய உற்பத்தியாளர்கள், ஒதுக்கீடு மிச்சமிருந்த நாடுகளைத் தேடி வந்தார்கள். இலங்கை அவற்றுள் ஒன்று. அந்த ஒதுக்கீட்டு முறை 2005 தொடக்கத்தில் முடிவுக்கு வந்தபோதும் தொழிற்சாலைகள் நிலைத்துவிட்டன. ஒரு வரிச் சலுகையோ ஓர் ஒதுக்கீட்டு விதியோ பல்லாயிரம் கிலோமீற்றரைச் சுருக்கிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் நாட்டில் இல்லை. மனித உறவும் அப்படியே தூரத்தை மீறுகிறது. இன்று யாழ்ப்பாணத்து வீடுகளில் பலவற்றிலிருந்து நாகபட்டினத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் போவதில்லை. ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் நாள்தோறும் போகிறது.

கடல் இல்லாத நாட்டின் நிலை இன்னொரு வகையானது. உலகில் 44 நாடுகளுக்குக் கடற்கரை இல்லை. தீவில் வாழும் நமக்கு அது விளங்காது என்று சொல்லலாம். ஆனால் குடாநாட்டில் வாழ்ந்தவர்களுக்கு நன்கு விளங்கும். யாழ்ப்பாணம் ஆனையிறவு வழியாக ஒரு ஒடுங்கிய நிலத்தாலும், சங்குப்பிட்டியில் 2011 இல் திறக்கப்பட்ட பாலத்தாலும் மட்டுமே தென்னிலங்கையோடு இணைந்திருக்கிறது. 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பின் அரிசியும் சீனியும் மண்ணெண்ணெயும் கப்பலில் வந்தால்தான் உண்டு என்ற நிலை போர் முடியும்வரை நீடித்தது. கப்பல் பிந்தினால் கடையில் விலை ஏறும். நேபாளத்துக்கு அந்தக் கப்பலும் இல்லை. அந்நாட்டின் வெளிநாட்டுச் சரக்கில் பெரும்பகுதி கொல்கத்தா, ஹல்தியா துறைமுகங்களில் இறங்கி இந்திய நிலத்தின் ஊடாகவே வரவேண்டும். 2015 செப்டெம்பரில், நேபாளத்தின் புதிய அரசியலமைப்பை எதிர்த்த போராட்டங்களின்போது தெற்கு எல்லையில் போக்குவரத்து தடைப்பட்டது. அது இந்தியாவின் மறைமுகத் தடை என்று நேபாளம் குற்றஞ்சாட்டியது, இந்தியா மறுத்தது. யார் தடுத்தார்கள் என்பது எவ்வாறாயினும் சமையல் எரிவாயுவும் மருந்தும் மாதக்கணக்கில் தட்டுப்பாடாயின. அதன்பின் நேபாளம் 2016 இல் சீனத் துறைமுகங்களைப் பயன்படுத்தும் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. இமயமலையைக் கடந்து மூவாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள துறைமுகத்தால் கொல்கத்தாவுக்கு ஈடுகொடுக்க இயலாது என்பது வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். ஆயினும் இன்னொரு வாசல் இருக்கிறது என்று சொல்ல முடிவதே பேச்சுவார்த்தையில் ஒரு பலம்.

இனி, பெரிய நாட்டின் பக்கத்தில் இருப்பதன் மறுபக்கம். இந்தியாவுக்கு இலங்கை பல அயலவர்களுள் ஒருவர். இலங்கைக்கோ, மாலைதீவை ஒதுக்கிவிட்டால், அயலவர் என்று சொல்ல இந்தியா ஒன்றே. கொழும்பில் எடுக்கப்படும் முடிவு ஒவ்வொன்றிலும் டெல்லி என்ன நினைக்கும் என்ற கணக்கு உண்டு. டெல்லியில் எடுக்கப்படும் முடிவுகளில் கொழும்பு எப்போதாவதுதான் நினைவுக்கு வரும். இந்தச் சமனின்மைக்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை, அளவு வேறுபாடே போதும். 1971 இல் இந்தியா தன் வான்பரப்பைப் பாகிஸ்தானிய விமானங்களுக்கு மூடியபோது, மேற்குப் பாகிஸ்தானிலிருந்து கிழக்குப் பாகிஸ்தானுக்குச் செல்லும் விமானங்கள் தீபகற்பத்தைச் சுற்றிப் பறந்து கொழும்பில் எரிபொருள் நிரப்பின. நடுவில் கிடக்கும் தீவு என்பதால் கிடைத்த முக்கியத்துவம் அது; டெல்லிக்கு உண்டான எரிச்சலும் அதனாலேயே வந்தது. 1987 ஜூலை 29 இல் கைச்சாத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது மாகாண சபைகளையே நாம் நினைவுகூர்கிறோம். அதனோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் திருகோணமலைத் துறைமுகம் கொடுக்கப்படமாட்டாது என்ற உறுதியும் இருந்தது. 2014 இல் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்பில் தரித்தபோதும், 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தபோதும் டெல்லியில் எழுந்த குரல் அந்தப் பழைய அக்கறையின் தொடர்ச்சியே.

இத்தகைய நிலையில் சிறிய நாடு மூன்றாவது ஒருவரைத் தேடுவது இயல்பு. 1952 இல் இலங்கை சீனாவோடு செய்த றப்பர்-அரிசி ஒப்பந்தம் அதற்கு முற்பட்ட உதாரணம்: மேற்கு நாடுகளின் விருப்பத்துக்கு மாறாக, இறப்பரைக் கொடுத்து அரிசியை வாங்கியது. 2017 இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீன நிறுவனம் ஒன்றுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது அதற்குப் பிற்பட்ட, அவ்வளவு மகிழ்ச்சியற்ற உதாரணம். மூன்றாமவரை அழைத்து வருவதற்கும் ஒரு விலை உண்டு. முதல் உதாரணத்தில் அது குறைவாகவும் இரண்டாவதில் அதிகமாகவும் இருந்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சிறிய நாடுகளுக்குள்ள இன்னொரு கருவி சட்டம். ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் 193 நாடுகளுக்கும் தலைக்கு ஒரு வாக்கே. கடற்சட்டத்தில் இது எவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆழ்கடலின் செல்வம் மனித குலத்தின் பொதுச்சொத்தாக வேண்டும் என்று 1967 இல் பொதுச் சபையில் வாதாடியது மால்டா என்ற சிறு தீவு. அதிலிருந்து எழுந்த கடற்சட்ட மாநாட்டுக்கு முதலில் தலைமை தாங்கியவர் இலங்கையரான ஷேர்லி அமரசிங்க. 1982 இல் நிறைவேறிய அந்தச் சட்டத்தின்படி கரையோர நாடு ஒவ்வொன்றுக்கும் 200 கடல்மைல்வரை பிரத்தியேகப் பொருளாதார வலயம் உண்டு. அங்குள்ள மீனும் கடலடி வளமும் அந்நாட்டுக்கே உரியவை. வெறும் 300 சதுர கிலோமீற்றர் நிலம் கொண்ட மாலைதீவுக்கு இதனால் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் சதுர கிலோமீற்றர் கடல் கிடைத்தது. இலங்கைக்குக் கிடைத்த கடல் அதன் நிலப்பரப்பைப்போல் ஏழெட்டு மடங்கு. சிறிய தீவு என்ற சொல்லைக் கடலையும் சேர்த்துக் கணக்கிட்டால் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

ஆனால் வடக்கே அந்த 200 கடல்மைல் செல்லாது. பாக்கு நீரிணையில் எதிர்க்கரை அவ்வளவு அருகில் இருப்பதால், இரு நாடுகளும் கடலைப் பங்கிட வேண்டியதாயிற்று. 1974 இல் பாக்கு நீரிணையிலும் 1976 இல் மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லைக்கோடு வரையப்பட்டது. கச்சதீவு இலங்கைப் பக்கத்தில் அமைந்தது. நடந்தே சுற்றிவரக்கூடிய, குடிநீர் இல்லாத அந்தத் தீவைப் பற்றித் தமிழ்நாட்டுத் தேர்தல் மேடைகளில் இன்றும் பேசப்படுகிறது. ஆண்டுதோறும் அந்தோனியார் திருவிழாவுக்கு இரு கரையினரும் அங்கே கூடுகிறார்கள்.

யாழ்ப்பாண மீனவரின் உண்மையான துன்பம் தீவில் இல்லை, மடி வலையில் இருக்கிறது. தமிழ்நாட்டின் இழுவைப்படகுகள் கடலடியை வாரிச் செல்லும் மடியோடு இரவில் எல்லைக்கோட்டைக் கடந்து வருகின்றன. அவை வந்துபோன பின், நமது மீனவர் கடனுக்கு வாங்கி விரித்த வலைகள் அறுபட்டுக் கிடக்கின்றன. மீன்குஞ்சு வளரும் அடிநிலமும் சேதமாகிறது. இலங்கை 2017 இல் இழுவைமடித் தொழிலையே சட்டத்தால் தடைசெய்தது. எனினும் எதிர்க்கரையில் படகில் ஏறுபவர் பெரும்பாலும் படகின் சொந்தக்காரர் அல்லர், கூலிக்குப் போகும் தொழிலாளி. கைதாவதும் சிறையிலிருப்பதும் அவரே. இரு பக்கமும் தமிழ் பேசுபவர்கள், இரு பக்கமும் அதே இறாலை நம்பி வாழ்பவர்கள். மொழியும் அயலும் உறவை வளர்க்கும் என்ற ஈர்ப்பு மாதிரியின் எதிர்பார்ப்பு இங்கே தலைகீழாகிறது: அருகில் இருப்பதால்தான் ஒரே மீனுக்குப் போட்டி வருகிறது. ஆழமற்ற ஒரு கடலை ஐம்பது கிலோமீற்றர் அகலத்தில் பங்கிட்டுக்கொள்பவர்களுக்கு உண்டாகும் பிணக்கு, ஐயாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளவர்களோடு உண்டாவதில்லை.

இடத்தின் பெறுமதி காலத்தோடு மாறும் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு யாழ்ப்பாணக் கடற்கரையே சாட்சி. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் 12 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு வணிகர் ஊர்காவற்றுறைக்கு வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்று அது சொல்கிறது. அரசனுக்கு யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலிலொன்று அரச பண்டாரத்துக்கு, மிகுதி உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. சிங்கள மன்னன் தமிழில் கல்வெட்டுப் பொறித்தது, அந்தக் கடலில் வணிகம் செய்தவர்கள் எந்த மொழியைப் படித்தார்கள் என்பதைக் காட்டுகிறது. ஒல்லாந்தர் காலத்திலும் அதற்குப் பின்னரும் புகையிலை திருவிதாங்கூருக்கும் பனஞ்சலாகை (பனைமரச் சட்டம்) சோழமண்டலக் கரைக்கும் போயின. நெல் அங்கிருந்து வந்தது. ஆழம் குறைந்த கடல் பாய்மரத் தோணிக்கு ஒரு தடையல்ல.

நீராவிக் கப்பலுக்கு அது தடை. 1869 இல் சுயஸ் கால்வாய் திறந்தபின் ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையே சென்ற பெருங்கப்பல்கள் பாக்கு நீரிணைக்குள் நுழைய முடியாமல் இலங்கையின் தெற்கே தெய்வேந்திரமுனையைச் சுற்றிச் சென்றன. 1875 இல் அலைதாங்கி கட்டத் தொடங்கியபின் கொழும்பு காலியை விஞ்சியது, ஊர்காவற்றுறை ஓய்ந்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938 இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டரில் போய் நின்றதை ஊரார் பெருமையோடு சொல்வார்கள். அது அந்தக் கைத்தொழிலின் உச்சம், ஏறத்தாழ அந்தியும்கூட. பின்னர் சட்டமும் சேர்ந்துகொண்டது. 1948 இன் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்துக்குப் பின், பாட்டனார் கோயில் திருவிழாவுக்குப் போய்வந்த அதே வழியில் அதே தோணியில் போனவருக்குக் கள்ளத்தோணி என்ற பெயர் வந்தது.

கொழும்பின் நிலையும் என்றென்றைக்கும் உறுதியானதன்று. அங்கே இறங்கி ஏறும் கொள்கலன்களில் பெரும்பகுதி இலங்கைக்கு வருபவை அல்ல. பெருங்கப்பலில் வந்து சிறுகப்பலில் இந்தியத் துறைமுகங்களுக்குப் போகும் மாற்றுச்சரக்கு. இந்தியக் கரையில் மிகப் பெரிய கப்பல்கள் அணையத்தக்க ஆழமான துறைமுகங்கள் குறைவாக இருந்தவரை அது கொழும்புக்கு வரமாக இருந்தது. கேரளத்தில் கன்னியாகுமரிக்கு அருகே, இயற்கையாகவே ஆழமான விழிஞ்ஞத்தில் கட்டப்பட்ட துறைமுகம் 2025 மே மாதத்தில் முறையாகத் திறக்கப்பட்டது. கொழும்பு ஓர் அங்குலமும் நகரவில்லை. ஆனால் அயலவர் தம் கரையில் எழுப்பிய துறைமுகம் கொழும்பின் அமைவிடத்துக்குரிய விலையைப் பேரத்துக்குரியதாக்கிவிட்டது.

வடக்கில் அதற்கு எதிர்த்திசையில் ஒரு சிறு அசைவு தெரிகிறது. 2023 ஒக்டோபர் 14 இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. சில நாட்களிலேயே வாடைக்காற்று வந்து அதை நிறுத்தியது. 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்படும் இரவுப் பேருந்து அந்த நேரத்தில் பாதி வழியைத்தான் கடந்திருக்கும்.